பருந்து இறங்கும்போது உங்கள் கோழிகள் என்ன செய்யும்? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கரிசல்வாசி

போன வாரம் நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம். வீட்டில் சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி எப்போதும் உண்டு. இந்தத் தடவை கூடவே வனராஜா என்கிற ரகத்துக் குஞ்சும் வாங்கி, பல்பு போட்டு வளர்த்து, இறக்கை முளைத்த பிறகு வெளியே விட்டேன். இரண்டு கூட்டமும் ஒரே முற்றத்தில்தான் மேயும்.

மத்தியானம் முருங்கை மரத்தடியில் குருணை போட்டிருந்தேன். அடைக்கு வைத்துப் பொரித்த தாய்க்கோழி தின்றுகொண்டிருந்தது, திடீரென்று தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்துத் தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. அவ்வளவுதான், அதன் குஞ்சு ஒன்றுகூடக் கண்ணில் இல்லை. விறகுக் கட்டுக்குள்ளே ஒன்று, கவிழ்த்து மூடுகிற கொடாப்புக் கூடைக்கு அடியிலே ஒன்று என்று எங்கே போய் ஒடுங்கினவோ தெரியவில்லை. வனராஜாக் குஞ்சுகள் மட்டும் கொத்திக்கொண்டே நின்றன. பருந்து அதில் ஒன்றைக் காலில் இடுக்கிக்கொண்டு எழும்புகிறது, இந்தத் தாய்க்கோழி இறக்கையை விரித்து ஆள் உயரம் துள்ளிப் பருந்தின் வாலில் உதைத்தது. தன் குஞ்சுகூட இல்லை அது! பருந்தின் இறகு ஒன்று முற்றத்தில் கிடந்தது, குஞ்சு போனது போனதுதான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இது ரகத்தின் குணமா, தாய் இல்லாமல் வளர்ந்த குறையா?

சிறுமலை அடிவாரம்

அண்ணா, ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். வனராஜா ஹைதராபாத்தில் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம். ஆனால் அது பெரும்பாலும் அடையில் உட்காராது, அதனால் எங்கே வாங்கினாலும் மிஷின் குஞ்சுதான், தாயைப் பார்த்தே இருக்காது.

நான் தெரிந்த ஒருவரிடம் வனராஜா முட்டை வாங்கி வந்து என் சிறுவிடைக்கு அடியில் வைத்தேன். முட்டை பெரிது, அதனால் வழக்கமாக வைப்பதைவிடக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்து முட்டைக்குச் சூடு ஏறாது. 21ஆம் நாள் பொரித்தது. அந்தக் குஞ்சுகள் தாய் சத்தம் கொடுத்தால் ஓடி ஒளிந்தன, என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு மறக்காதது வேறு: தாயைவிடக் கனமாக வளர்ந்த பிறகும் ராத்திரி அதன் இறக்கைக்குள்ளே தலையை நுழைத்துக்கொண்டு தூங்கும், நாலு பக்கமும் முட்டி முட்டி அந்தச் சின்னக் கோழி தரையில் கால் படாமல் மேலே தூக்கியபடி இருக்கும், அப்போதும் அது ஒன்றையும் கொத்தி விரட்டவில்லை.

நொய்யல் கரை

சிறுமலை நண்பர் சொல்வது பாதிதான் சரி. ரகத்துக்கும் பங்கு உண்டு. உடம்பு கனத்த கோழி ஓடுவதும் தாமதம், பறந்து மரம் ஏறுவதும் இல்லை. சிறுவிடை இருட்டியதும் புளியங்கிளையில் உட்கார்ந்துவிடும், கீரியும் மரநாயும் வந்தால் முதலில் மாட்டுவது தரையில் படுக்கிற கோழிதான். நிறமும் பாருங்கள், வெள்ளையாக ஒன்று மேய்ந்தால் அது மேலிருந்து பளிச்சென்று தெரியும்.

என் கதை கருங்கோழி. சந்தையில் அசல் கடக்நாத் என்று சொல்லி வளர்ந்த ஜோடியாகவே விற்றார்கள், விலையும் அதற்குத் தக்கபடி. இறகு நல்ல கறுப்பு. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒன்றும் பேசாமல் சேவலை வாங்கி அலகைத் திறந்து காட்டினார், நாக்கு இளஞ்சிவப்பு! மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி அது, 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கறுப்பாக இருக்கிற எல்லாவற்றையும் அந்தப் பேரில் விற்கிறார்கள். அசலுக்குக் கொண்டை, நாக்கு, கால் எல்லாம் கருமை ஓடியிருக்கும். முட்டை கறுப்பாக இருக்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வெளிர் பழுப்புதான். அதுவும் அடையில் சரியாக உட்காராது, கடைசியில் அதற்கும் சிறுவிடைதான் தாய்.

கீழத்தெரு அக்கா

எல்லோரும் பருந்தையே பேசுகிறீர்கள். பருந்து ஒன்றைத் தூக்கும், வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் கூடே காலி. எங்கள் பக்கத்து வீட்டில் பார்த்தேன். காலையில் கூட்டைத் திறந்தால் ஒரு பெட்டை கழுத்து முறுக்கி வானத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி நடந்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண் அதற்குத் தண்ணீர் புகட்டப் புகட்ட எல்லாம் அலகு ஓரமாக வழிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அது போய்விட்டது, அப்புறம் வரிசையாகப் போயின.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தம்பி கரிசல்வாசி குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எஃப்-1 அல்லது லசோட்டா என்கிற கழிச்சல் தடுப்பு மருந்து. நாலாவது வாரம் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். மருந்தை ஐஸ் போட்ட டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும், பையில் போட்டு வெயிலில் வந்தால் அது வெறும் தண்ணீர். கலக்கிய பிறகு வைத்திருக்காமல் உடனே போட்டு முடித்துவிடுங்கள், அதனால் தெருவில் கோழி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போடுவது நல்லது, ஒரு பாட்டில் நூறு கோழிக்கு மேலேயே வரும். பிப்ரவரி வாக்கில் கால்நடைத்துறை முகாம் போடும், காசு கிடையாது. ஏற்கனவே சோர்ந்து நிற்கிற கோழிக்குப் போடாதீர்கள். சந்தையிலிருந்து புதுக்கோழி வந்தால் நேராகக் கூட்டத்தில் விடாமல் இரண்டு வாரமாவது தனியாகக் கட்டிப் போடுங்கள். கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது நானும் செய்கிறேன், ஆனால் அதை நம்பி ஊசியை விடக்கூடாது.

நொய்யல் கரை

அக்கா, ஊசி வேண்டாம் என்று யார் சொன்னது? கேள்வி பருந்தைப் பற்றி.

கீழத்தெரு அக்கா

பருந்துக்குத்தான் தாய்க்கோழி இருக்கிறதே. கழிச்சலுக்கு யார் இருக்கிறார்கள்?

கரிசல்வாசி

அக்கா சொன்னது குறித்துக்கொண்டேன். சிறுமலை அண்ணா, உங்கள் யோசனைப்படியே செய்யப் போகிறேன். அந்த உதைத்த கோழி இப்போதுதான் குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்திருக்கிறது, இனி முட்டை போட்டு மறுபடி கேறி அடைக்கு உட்காரும்போது அதன் அடியில் வனராஜா முட்டையும் அதன் முட்டையும் கலந்து வைக்கலாமா, இல்லை ஒரே ரகமாக வைப்பதுதான் நல்லதா? பொரிக்கிற நாள் முன்பின் ஆனால் தாய் எழுந்துவிடுமே என்று யோசனையாக இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது சேவலோடு மேய்கிற வனராஜா இருந்தால் சொல்லுங்கள், முட்டைக்கு நானே வந்துவிடுகிறேன்.

சிறுமலை அடிவாரம்

கலந்து வைக்கலாம், எல்லா முட்டையும் ஒரே ராத்திரியில் வைத்துவிட்டால் போதும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, கரு இல்லாததை எடுத்துவிடுங்கள்.