மறு: கேவிஎம் ஸ்விட்ச்சுக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும், பலவற்றில் திரையையும், ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு மாற்றி மாற்றி இணைக்கும் பெட்டிதான் கேவிஎம் ஸ்விட்ச். அதைத் தமிழில் ‘பகிர்வி’ எனலாம் என்று இந்தக் குழுவில் வந்த பரிந்துரையைப் படித்தேன். சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் அந்தப் பெட்டி செய்யும் வேலைக்கு அது பொருந்தவில்லை. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். (2007-இல் பெயர் மாறியும் எங்கள் ஆட்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

அண்மையில் ஒரு தோட்டத்து ஆபீசில் இருந்து கிராணியம்மா (எழுத்தர்) கூப்பிட்டார். மேசையில் இரண்டு கணினி: பழையதில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) கணக்கு, புதியதில் மின்னஞ்சல். நடுவில் கறுப்புப் பெட்டி, அதன் தலையில் ஒரு பொத்தான், 1, 2 என்று இரண்டு விளக்கு. “சுட்டி ஓடுது தம்பி, எழுத்துதான் விழ மாட்டேங்குது. ரெண்டுலயும் ஒரே நேரத்துல அடிக்கலாம்னுதானே வாங்கினோம்?” என்றார். விசைப்பலகையைப் பிடுங்கி, பெட்டியிலேயே பக்கத்தில் இருந்த பொது யூஎஸ்பி செருகுவாயில் மாட்டினேன். எழுத்து விழுந்தது.

காரணம் இதுதான். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் விசைப்பலகைப் படம் போட்ட செருகுவாய் வெறும் கம்பி வழி அல்ல. பெட்டியே ஒரு விசைப்பலகையாக வேடம் போட்டு இரண்டு கணினிகளுக்கும் முன்னால் நிற்கிறது. அதனால்தான் பொத்தானை அழுத்தியதும் உடனே மாறுகிறது. அப்போது பெட்டி இணைக்காத கணினியை இயக்கினாலும் ‘விசைப்பலகை இல்லை’ என்று அது நின்றுவிடுவதில்லை. ஆனால் கூடுதல் விசைகளும் வண்ண விளக்குகளும் கொண்ட பலகை வந்தால் அந்த வேடம் தடுமாறலாம். பொதுச் செருகுவாயில் வேடம் கிடையாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிடுங்கிச் செருகியது போலத்தான். கணினி புதிதாக அடையாளம் காணச் சில விநாடி பிடிக்கும். பொத்தானுக்குப் பதில் விசைப்பலகையின் ஸ்க்ரோல் லாக் விசையை இருமுறை தட்டி மாற்றும் வசதியும் பெரும்பாலும் அங்கிருந்து வேலை செய்யாது. இதைச் சொல்லிவிட்டு, பொத்தானையே அழுத்தி மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘பகிர்வி’ என்றால் அந்த அம்மா நினைத்த மாதிரியேதான் எல்லாரும் நினைப்பார்கள். இங்கே பகிர்வு இல்லை. ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் அடைபடும். இங்கிருந்து கடற்கரைப் பக்கம், தஞ்சோங் காராங் வயல்களில் மடையைத் திருப்பி நீரை வேறு வயலுக்கு விடுவார்களே, அதே செயல்தான். ஆகவே என் பரிந்துரை: மடைமாற்றி.

‘மாற்றி’ என்று மட்டும் விட்டால் எங்கள் கடையில் எச்டிஎம்ஐ திரை இணைப்பைப் பழைய விஜிஏ இணைப்பாக்கும் சாதனத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள், மின்மாற்றியும் இருக்கிறது. ‘நிலைமாற்றி’யை வலையமைப்புக்காரர்கள் தங்கள் ஸ்விட்ச்சுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். இலங்கை நண்பர்களின் ‘ஆளி’ அழகான சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் அது சுவரில் விளக்கைப் போட்டு அணைப்பதற்குத்தான் கனகச்சிதம்.

ஒரு சொல்லை நான் வினையாக்கித்தான் சோதிப்பேன். “இரண்டாம் கணினிக்கு மடைமாற்றுங்கள்”, “மடைமாறியதும் சற்றுப் பொறுங்கள்” என்று கையேட்டில் எழுதலாம், தொலைபேசியிலும் சொல்லலாம். ‘பகிர்வி’யை வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், சண்டித்தனம் செய்யும். திரையையும் சேர்த்து மாற்றும் பெட்டிக்குத் ‘திரை மடைமாற்றி’ போதும். விசைப்பலகை, சுட்டி, திரை மூன்றையும் பெயருக்குள் திணித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு விடை கிடைக்காதது இன்னொன்று: மேலே ‘வேடம்’ என்று எழுதினேனே, ஆங்கிலத்தில் எமுலேஷன் என்பது, அதற்குத் துறைச்சொல் வேண்டும். ‘பாவனை’ என்று வைக்கலாம் என்றால் இலங்கையில் அது பயன்பாட்டைக் குறிக்கிறது, பாவனையாளர் என்றால் பயனர். ‘ஒப்புருவாக்கம்’ சிமுலேஷன் என்ற வேறொரு கருத்துக்கான சொல்லோடு போய் மோதுகிறது. ‘வேடமேற்பு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். கடையில் தமிழில் ஒரு குறிப்புத்தாள் அடிக்கப் போகிறேன், அதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.