பெற்றோர் இருவருக்கும் மோவாய்க் குழி இல்லை. மகளுக்கு மட்டும் எப்படி வந்தது?

செங்காங் தந்தை எழுதியது:

வணக்கம். என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சென்ற வாரம் மரபுவழிப் பண்புகள் பற்றிய பயிற்சித்தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காதுமடல் தொங்குகிறதா ஒட்டியிருக்கிறதா, நாக்கைக் குழலாகச் சுருட்ட முடிகிறதா, மோவாயில் குழி இருக்கிறதா என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பார்த்து, 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். மோவாய்க் குழி ஓங்கு மரபணுவால், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்பட்டுவிடும் மரபணுவால், வருவது என்றும், ஆகவே அது பிள்ளைக்கு இருந்தால் பெற்றோரில் ஒருவருக்காவது கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் தாளின் அடியில் ஒரு குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது.

என் மகளுக்கு மோவாயின் நடுவில் தெளிவான குழி உண்டு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது என் தாயார் திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைக்காமல் அந்தக் குழிக்குள்தான் வைப்பார்; அங்கே வைத்தால் மை சீக்கிரம் அழியாது என்பார். எனக்கும் என் மனைவிக்கும் அப்படி எதுவும் இல்லை. அன்று மாலை அவள் சாப்பாட்டு மேசையில் கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து முதலில் தன் முகத்தையும், பிறகு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மோவாயில் விரலை வைத்துத் தடவியும் பார்த்தாள். இரவு படுக்கப் போகும்போது அறைக் கதவருகே நின்று, "அப்பா, நான் உங்களுக்குப் பிறந்த பிள்ளைதானே?" என்று கேட்டாள்.

அவளைச் சமாதானப்படுத்தி உறங்க வைத்துவிட்டேன் என்றாலும், சரியான விளக்கம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண விருந்தில் உறவினர் ஒருவர், "இந்தக் குழி யார் வீட்டுச் சொத்து?" என்று பலர் முன்னிலையில் கேட்டதும், என் மனைவியின் முகம் வாடிப்போனதும் நினைவுக்கு வந்தன. அந்தக் குறிப்பு உண்மைதானா? உண்மையில்லை என்றால், 14 வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி அதை எப்படி எடுத்துச் சொல்வது?

தோ பாயோ ஆசிரியை எழுதியது:

ஐயா, அந்தக் குறிப்பு தவறானது என்பதை முதலில் உங்கள் மகளிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நான் 20 ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஏறக்குறைய அதே வாக்கியத்தை என் கையாலேயே வெண்பலகையில் எழுதியிருக்கிறேன் என்பதால், இதைப் படித்ததும் மனம் மிகவும் சங்கடப்பட்டது.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வில் அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டவை இரண்டே வகையாகத் தெளிவாகப் பிரியும் பண்புகள். விதை உருண்டையாக இருக்கும், இல்லையென்றால் சுருங்கியிருக்கும். மோவாய் அப்படிப் பிரிவதில்லை. சிலருக்கு நெடுக்காக ஒரு கோடு விழுந்திருக்கும், சிலருக்கு வட்டமான சிறு பள்ளம் இருக்கும், சிலருக்கு ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போலப் பிளந்திருக்கும், இன்னும் பலருக்கோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் மெல்லிய நிழலாகத் தெரியும். இவற்றுள் எதுவரை 'இல்லை', எதிலிருந்து 'உண்டு' என்பதை ஆளுக்கு ஆள் வேறு விதமாகத்தான் சொல்வார்கள். குறியிடுகிறவரைப் பொறுத்து விடை மாறும் ஒரு பண்பை இரண்டு கட்டங்களுக்குள் அடைத்தபோதே தவறு தொடங்கிவிட்டது.

குடும்பம் குடும்பமாக மோவாயைப் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வுகள் 1940களிலேயே வெளிவந்துவிட்டன. குழி இல்லாத பெற்றோருக்குக் குழியுள்ள பிள்ளைகள் பிறப்பதை அப்போதே கண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் பெருந்திரளான மக்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிடும் வசதி வந்தது. 2016இல் 42 மனிதப் பண்புகளை ஒன்றாக ஆராய்ந்து வெளியான ஒரு பெரிய ஆய்வில் மோவாய்க் குழியும் இடம்பெற்றது. ஒற்றை மரபணுவுக்குப் பதிலாக, தொகுதியில் ஆங்காங்கே பரவியிருக்கும் பல இடங்கள் இதற்குச் சிறிது சிறிதாகக் காரணமாவது தெரியவந்தது. உயரம் எப்படி அமைகிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் இதுவும் அமைகிறது. உங்களிடம் சில, உங்கள் மனைவியிடம் சில என்று பிரிந்து கிடந்தவை, இருவர் முகத்திலும் குழியைக் காட்டும் அளவுக்குச் சேராமல், மகளிடம் ஒன்றுகூடியிருக்கலாம். மாறாக, குழியுள்ள பெற்றோருக்குக் குழியில்லாத பிள்ளை பிறப்பதும் இயல்பே.

இதனால் மோவாய்க் குழி பரம்பரையாக வருவதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸின் மோவாயையும் அவர் மகன் மைக்கேல் டக்ளஸின் மோவாயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஜாடை எவ்வளவு வலுவாக இறங்கியிருக்கிறது என்பது புரியும். பரம்பரையாக வருவது உண்மை. ஒரே மரபணுவால் வருகிறது என்பதும், அதை வைத்துப் பெற்றோரைக் கண்டுபிடிக்கலாம் என்பதும்தான் பிழை.

மகளின் பயிற்சித்தாளில் நாக்கைச் சுருட்டுவதும் இருப்பதாகச் சொன்னீர்கள். அதன் கதையை அவளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பழ ஈக்களின் மரபணுக்களை வரிசைப்படுத்தி 1913இல் முதல் மரபணு வரைபடத்தைத் தந்த ஸ்டர்டெவன்ட் என்ற அறிஞர்தான், நாக்கைச் சுருட்டுவது ஓங்கு மரபணுவால் வருகிறது என்று 1940இல் எழுதினார். 1952இல் மேட்லாக் என்பவர் ஒரே கருவில் உருவான இரட்டையர்களைச் சோதித்தபோது, 33 இணைகளில் 7 இணைகளில் ஒருவரால் சுருட்ட முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்டவர்களிடமே வேறுபாடு இருந்தால் அது ஒற்றை மரபணுவின் வேலையாக இருக்க முடியாது. ஸ்டர்டெவன்ட் 1965இல் தம் பழைய கருத்தைத் தாமே கைவிட்டார். அவர் கைவிட்ட கருத்து இன்னும் பயிற்சித்தாள்களில் அச்சாகிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையும் இங்கே தொட்டுவிடுகிறேன். ஓங்கு பண்பு என்றால் ஊரில் பெரும்பாலோரிடம் காணப்படும் பண்பு என்று பொருளில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் மரபணு இணையில் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்பட்டுவிடும் என்பது மட்டுமே அதன் பொருள்.

ஈசூன் தாதி எழுதியது:

ஆசிரியை மரபணுவை விளக்கிவிட்டார். உடற்கூற்றைப் பற்றி நான் சிறிது சொல்கிறேன். நான் பல ஆண்டுகளாகப் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன்.

கருவில் கீழ்த்தாடை வலம், இடம் என்று இரண்டு பாதிகளாக வளர்ந்து நடுவில் வந்து சேர்கிறது. குழந்தை பிறக்கும்போதும் அந்த நடுப்பகுதி முழுமையாக எலும்பாகியிருக்காது. பிறந்த முதல் ஆண்டில்தான் இரண்டு பாதிகளும் ஒன்றாக இணைகின்றன. அந்த இணைப்பில் மெல்லிய பள்ளம் எஞ்சுவதே மோவாய்க் குழி என்று பொதுவாகச் சொல்வார்கள். எலும்போடு தசைக்கும் இதில் பங்குண்டு. மோவாய்த் தோலை மேலே இழுக்கும் தசை நடுக்கோட்டின் இருபுறமும் இணையாக அமைந்துள்ளது. அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி சற்று அகலமாக இருந்தால் அங்கே தோல் உள்வாங்கித் தெரியும். குழந்தை அழுவதற்கு முன் கீழுதட்டைப் பிதுக்கும் அந்த ஒரு நொடியில் மோவாயைக் கவனித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது குழியே இல்லாத குழந்தைக்கும் அப்போது ஒரு சுழி தோன்றி மறையும். வயதாக ஆக முகத்துக் கொழுப்பு கூடுவதாலும் குறைவதாலும் குழி ஆழமாகத் தெரிவதும் உண்டு, மங்கிப்போவதும் உண்டு. உங்கள் முகத்தில் இன்று இல்லை என்பதாலேயே என்றும் இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது.

'பிளவு' என்ற சொல்லைக் கேட்டுப் பயந்துபோகும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதையும் சேர்க்கிறேன். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் முற்றிலும் வேறானவை. அவை கரு உருவாகும் முதல் மூன்று மாதங்களுக்குள் மேலுதட்டின் அல்லது வாயின் மேற்கூரையின் பகுதிகள் சேராமல் போவதால் வருபவை. பால் குடிப்பதையும் பேச்சையும் பாதிக்கக்கூடியவை. அறுவை சிகிச்சை தேவைப்படுபவை. மோவாய்க் குழி ஒரு முகச்சாயல்தான், நோயோ குறையோ இல்லை.

ஜூரோங் வாசகர் எழுதியது:

மகளின் மனத்தில் சந்தேகம் விழுந்துவிட்டது. ஒரு மரபணுப் பரிசோதனை செய்து அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடாதா?

தோ பாயோ ஆசிரியை எழுதியது:

ஐயா, நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இதை நான் ஏற்கவில்லை. பரிசோதனைக்குப் போவது, சந்தேகத்துக்கு ஏதோ அடிப்படை இருந்தது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். இங்கே இருப்பது தவறாக அச்சிடப்பட்ட ஒரு வரி. அதைத் திருத்துவதற்கு அந்தத் தாயின் எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்ப வேண்டியதில்லை. பிள்ளை கேட்டது அறிவியல் கேள்வி. அதற்கு அறிவியல் விடை இருக்கிறது.

ஒற்றை மரபணு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு வேறு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஏ, பி, ஓ இரத்தப் பிரிவுகளை எடுத்துக்கொள்ளலாம். அதிலும்கூட, பார்ப்பதற்கு ஓ பிரிவு போலத் தோன்றும் அரிய வகை ஒன்று 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவர் அத்தகையவராக இருந்தால், மற்றவர் ஓ பிரிவாக இருந்தாலும் ஏ அல்லது பி பிரிவில் பிள்ளை பிறக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயையும் வகுப்பில் பேசலாம். பெற்றோர் இருவரும் ஒரே வகைத் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் நோய் வரக்கூடும் என்ற கணக்கு, சிங்கப்பூரில் திருமணம் செய்துகொள்ளப் போகும் எவருக்கும் பயன்படும்.

செங்காங் தந்தை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பரிசோதனை எதுவும் செய்யப்போவதில்லை. என் மனைவியிடம் அந்தச் சொல்லை எடுக்கவே எனக்கு மனமில்லை.

நேற்று மூவரும் உட்கார்ந்து உங்கள் பதில்களை வாசித்தோம். இரட்டையர் கதையைக் கேட்டதும் என் மகள் உற்சாகமாகிவிட்டாள். 33இல் 7 என்பதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இதற்கிடையே, செய்தி அறிந்த என் மாமியார் ஈசூனிலிருந்து பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் அறிந்த நாள் முதல் என் மாமனார் தாடியோடுதான் இருந்தார்; அவர் முகவாயை நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாடி வளர்ப்பதற்கு முன், சிராங்கூன் சாலைப் படக்கடை ஒன்றில் எடுத்த கறுப்புவெள்ளைப் படம் அதில் இருந்தது. கீழுதட்டுக்கு அடியில் ஒரு நிழல் தெரிகிறது. அது குழியா, விளக்கு விழுந்த விதமா என்று உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தும் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. மாமியார் மட்டும், "நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன், இருந்தது" என்று அடித்துச் சொல்கிறார்.

என் மகள் பயிற்சித்தாளில் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களுக்கும் நடுவே அளவுகோல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதன்மேல் 'சற்றே' என்று எழுதி, தாத்தாவின் பெயருக்கு நேரே அதில் குறியிட்டிருக்கிறாள். என்னையும் மறுபடி சன்னல் ஓரமாகத் திரும்பி உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, எனக்கும் அதே கட்டத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டாள். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை அதைக் கொண்டுபோகிறாள்.