கடைசி ஷாட் செல்லுமா, செல்லாதா? கொடைக்கானல் பெண்கள் பாஸ்கெட்பால் செமி ஃபைனல் பார்த்தவங்க எழுதுங்க

மூஞ்சிக்கல்காரன்

ராத்திரி பூரா தூக்கம் இல்லை, அதான் எழுதுறேன். ஆட்டம் எப்படிப் போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஊரே பார்த்துச்சு. ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கோம். பந்து நம்ம புள்ளைங்க கையில. நான் நின்னது ரிங்குக்கு நேர் பின்னாடி, கம்பி வேலி ஓரம். ஏழாம் நம்பர் இடது பக்கமா வெட்டி உள்ள பூந்துச்சு. அந்த இடத்துலதான் மூணாவது குவார்ட்டர்ல ஒரு புள்ள வழுக்கி விழுந்து, சாக்குப் போட்டுத் துடைச்சாங்க. ஏழாம் நம்பர் அங்க கால் வைக்காம ஒரு எட்டு முன்னாடியே எம்பிருச்சு. பந்து விரலை விட்டுக் கிளம்பினதை நான் பார்த்தேன். அப்புறம்தான் நேரம் முடிஞ்ச ஹாரன். பந்து போர்டுல பட்டு, ரிங்கை ஒரு சுத்து சுத்தி, உள்ள!

வலையை விட்டுப் பந்து கீழ வர்றதுக்குள்ள ரெஃப்ரி ரெண்டு கையையும் குறுக்க வீசிட்டாரு. கேன்சல். அந்தப் புள்ளைக்கு அது தெரியவே இல்ல, ஜெயிச்சுட்டோம்னு குதிச்சுக்கிட்டு இருக்கு. கூட ஆடுற புள்ள ஓடிப் போய்த் தோளைப் புடிச்சு நிறுத்துச்சு. எனக்கு அதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. இவ்வளவு பெரிய போட்டி நடத்துறவங்க போர்டுக்குப் பின்னாடி, நேரம் முடிஞ்சதும் எரியிற ஒரு சிவப்பு லைட்டு போடக் கூடாதா?

டம்டம்பாறை

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் ஸ்கோரும் நேரமும் பார்க்கிற டேபிளுக்கு ரெண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். டைம் பார்த்த தம்பி ஹாரனை அமுக்கிக்கிட்டே எந்திரிச்சு நின்னுட்டான். அப்போ பந்து அந்தப் புள்ளையோட ரெண்டு கைக்குள்ள இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். ஹாரன் உங்களுக்குக் கேட்டிருக்காது. ஏன்னா உங்க பக்கம் அடிச்ச தப்பு மேளம் அப்படி. போதாக்குறைக்கு கீழ ரோட்டுல டூரிஸ்ட் வண்டிக்காரன் வளைவுல நீட்டி ஒரு ஹாரன் விட்டான். நீங்க கேட்டது அவன் ஹாரனா, டேபிள் ஹாரனான்னு முதல்ல யோசிங்க.

ரூல் ஒண்ணுதான். சத்தம் வர்றப்போ பந்து கையை விட்டிருக்கணும். காத்துல இருந்தா செல்லும், கையில இருந்தா செல்லாது. தம்பி முகத்தைப் பார்த்தீங்களா? அவனும் இந்த ஊருப் பையன்தான். பாவம், அமுக்கினதுக்கு அவனே அழற மாதிரி நின்னான்.

பழைய ஆட்டக்காரி

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். காலேஜ்ல நானும் ஆடினவ. கீழ ஒரு ஊர்ல நடந்த போட்டியில இதே மாதிரி ஒரு ஷாட், ஆனா எங்க பக்கம் செல்லும்னு கொடுத்தாங்க. பந்து ஹாரனுக்கு அப்புறம்தான் கையை விட்டுச்சுன்னு எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும். தோள்ல தூக்கி வெச்சு ஆடினோம், கோச் பரோட்டா வாங்கிக் கொடுத்தாரு.

அன்னைக்கு ராத்திரி மெஸ்ல சாப்பாட்டுக்கு வரிசை. எனக்கு முன்னாடி நின்ன பொண்ணு, தோத்த டீம்ல பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்துற பாயின்ட் கார்ட், தட்டைப் புடிச்சுக்கிட்டே திரும்பி, "அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?"ன்னு கேட்டுச்சு. கோவமே இல்லை. ரசத்துக்குக் கை நீட்டுற மாதிரி சாதாரணமா கேட்டுட்டு முன்னாடி திரும்பிக்கிச்சு. வருஷம் ஆச்சு. கோப்பை எங்க இருக்குன்னு தெரியாது, அந்தக் கேள்வி மட்டும் இருக்கு.

அதனால மூஞ்சிக்கல் அண்ணா, நேத்து ஜெயிச்ச புள்ளைங்க நிம்மதியாத் தூங்கியிருப்பாங்கன்னு நினைக்காதீங்க.

பூம்பாறை

எனக்கு ரூலெல்லாம் தெரியாதுங்க. பூண்டு மூட்டையை வண்டியில ஏத்தி விட்டுட்டு, கூட்டமா இருக்கேன்னு எட்டிப் பார்த்தேன். அப்படியே நின்னுட்டேன். எங்க பாப்பா எட்டாவது படிக்குது, அதுவும் பந்து பந்துன்னுதான் கிடக்குது.

அஞ்சு ஃபவுல் ஆகி வெளிய உட்கார்ந்த உயரமான புள்ள இருக்குல்ல, அது துண்டைத் தலையில போட்டு மூடிக்கிச்சு. ஆனா துண்டுக்கு அடியில வாய் மட்டும் ஓயவே இல்லை. "ரைட்டு, ரைட்டு, பின்னாடி ஆள்"னு கத்திக்கிட்டே இருந்துச்சு. பார்க்காமயே எப்படிச் சொல்லுச்சுன்னு தெரியலை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: அவங்க பக்கம் ஆள் மாத்தி மாத்தி வந்தாங்க, நம்ம பக்கம் வெளிய உட்கார ரெண்டே பேருதான் இருந்தாங்க. அது ஏன்?

பி.டி. ஓய்வு

பூம்பாறை தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு டீமுக்கு பன்னிரண்டு பேர் வரைக்கும் பேர் கொடுக்கலாம். மலையில இருக்கோம், கீழ இருந்து வர்றவங்களுக்கு மூச்சு வாங்கும்னு நம்ம ஆட்கள் நம்பிட்டாங்க. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல இருக்கோம், வந்த அன்னைக்கே ஆடினா மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனா நிமிஷத்துக்கு ஒரு ஆளை மாத்துற டீமுக்கு அது பெரிய விஷயமே இல்லை. மூச்சு வாங்கினது நம்ம ஏழு பேருக்குத்தான்.

நானும் இப்படி ஒரு ஆட்டம் தோத்திருக்கேன், அது கிடக்கட்டும். இனிமே வர்றவங்களுக்குச் சில விஷயம். பெண்களுக்கு ஆறாம் நம்பர் சைஸ் பந்து. பந்தைக் கீழ வத்தலக்குண்டுல காத்து அடிச்சு எடுத்துட்டு வராதீங்க. மேல வெளிக்காத்தோட அழுத்தம் குறைவு, அதனால அதே பந்து இங்க வந்ததும் கல்லு மாதிரி ஆயிரும், ரிங்குல பட்டா தூரத் தெறிக்கும். அதையே ராத்திரி குளிர்ல வராந்தாவுல போட்டு வெச்சா காலையில தொய்ஞ்சு கிடக்கும். ஆட்டத்துக்கு முன்னாடி கோர்ட்லயே காத்தழுத்தம் பார்க்கிற கேஜ் வெச்சுப் பாருங்க. பெரும்பாலான பந்துல 7-ல இருந்து 9 பவுண்டு (psi) வரைக்கும்னு அச்சடிச்சிருப்பான். ஊசியை நனைக்காம குத்தாதீங்க, உள்ள காத்து நிக்கிற ரப்பர் பை, பிளாடர், கிழிஞ்சுரும்.

அடுத்து, டீம் ஃபவுல். ஒரு குவார்ட்டர்ல நாலு ஃபவுல் வரைக்கும் கவலையில்லை, அஞ்சாவதுல இருந்து எதிராளிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காம ரிங்குக்கு அடிக்கிற வாய்ப்பு. நம்ம புள்ளைங்க கடைசி குவார்ட்டர்ல பாதி நேரம்கூட ஆகலை, நாலையும் முடிச்சுட்டாங்க. நடு கோர்ட்டுல கையைப் புடிச்சு இழுத்த ஃபவுல் எதுக்கு? அதுல போன பாயின்ட்டை யாரும் பேச மாட்டேங்குறீங்க.

அப்புறம் ப்ரொடெஸ்ட், அதாவது முடிவை எதிர்த்து முறையிடறது. ஸ்கோர் ஷீட்டுல கேப்டன் கையெழுத்துப் போட தனியா ஒரு கட்டம் இருக்கு. ஆட்டம் முடிஞ்ச சூட்டோட போட்டாத்தான் மதிப்பு, மறுநாள் புலம்பிப் பிரயோஜனம் இல்லை. அதுவும் ஸ்கோர்ல தப்பு, நேரத்துல தப்பு இந்த மாதிரிக்குத்தான். பந்து கையில இருந்துச்சா இல்லையாங்கிறது ரெஃப்ரி கண்ணு, அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

இன்னொண்ணு, குளிர்ல வார்ம் அப்...

மூஞ்சிக்கல்காரன்

சார், நீங்க பெரியவங்க, மரியாதை இருக்கு. ஆனா பந்துக்குக் காத்து அடிக்கிறது எப்படின்னு நான் கேட்கவே இல்லையே. ஷாட் செல்லுமா செல்லாதான்னு கேட்டேன். அந்தப் பந்துதான் உள்ளயே விழுந்துருச்சே!

ஹாஸ்டல் ஜன்னல்

இந்தச் சண்டை எனக்குப் புதுசு இல்லை. 2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை காலையில, ஹாஸ்டல்ல நாலு பேர் ஒரே கம்பளிக்குள்ள உட்கார்ந்து போன்ல அமெரிக்கக் காலேஜ் பெண்கள் அரையிறுதி பார்த்தோம். அங்க அப்போ வெள்ளிக்கிழமை ராத்திரி. கிளீவ்லாந்துல ஐயோவாவும் கனெக்டிகட்டும். எல்லாரும் ஐயோவாவோட கெய்ட்லின் கிளார்க் கட்சி, நான் மட்டும் கனெக்டிகட்டோட பெய்ஜ் பெக்கர்ஸ் கட்சி.

70-69. கனெக்டிகட் ஒரு பாயின்ட் பின்னாடி, பந்து அவங்க கையில. நேத்து நமக்கு இருந்த அதே நிலைமை. 3.9 செகண்ட் இருக்கிறப்போ விசில். கனெக்டிகட்டோட ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் போட்டப்போ, அதாவது எதிராளி வழியை மறிச்சு நின்னப்போ, நகர்ந்துட்டாங்கன்னு ஃபவுல், பந்து ஐயோவாவுக்கு. ஷாட்டே அடிக்க விடலை! நான் கம்பளியை உதறின உதறல்ல டீ டம்ளர் கவுந்து பெட்ஷீட் பூரா டீ. கடைசியில 71-69. கிளார்க் ரெண்டாவது ஃப்ரீ த்ரோவை விட்டாங்க, தெறிச்சு வந்த அந்த ரீபவுண்டையும் ஐயோவாவே புடிச்சுட்டாங்க.

அந்த ஃபவுலை உலகமே திட்டிக்கிட்டு இருந்தப்போ, பெக்கர்ஸ் என்ன சொன்னாங்கன்னா, ஒரே ஒரு பிளேயால யாரும் ஜெயிக்கிறதும் இல்லை, தோக்கிறதும் இல்லைன்னு. எனக்கு அன்னைக்கு அது பிடிக்கவே இல்லை. பாதி ஆட்டத்துல 32-26ன்னு முன்னாடி இருந்தவங்க கனெக்டிகட். அதைப் பத்தி யாரு பேசினா? எல்லாரும் 3.9 செகண்டைத்தான் பேசினோம். ஐயோவாவும் ஃபைனல்ல சவுத் கரோலினாகிட்ட 87-75ன்னு தோத்தாங்க, அது தனிக் கதை.

டம்டம்பாறை அண்ணா, ஆனா ஒண்ணு. அங்க ஆளுக்கொரு கேமரா, அத்தனை தடவை ஸ்லோ மோஷன்ல போட்டுக் காட்டியும் பாதிப் பேர் ஃபவுல், பாதிப் பேர் இல்லைங்கிறாங்க. நீங்க ரெண்டடி தள்ளி உட்கார்ந்து ஒரே பார்வையில இவ்வளவு உறுதியாச் சொல்றீங்களே!

டம்டம்பாறை

தங்கச்சி, ஸ்கிரீன்ல நகர்ந்தாளா இல்லையாங்கிறது கருத்து. கையில பந்து இருக்கா இல்லையாங்கிறது கண்ணு. ரெண்டும் ஒண்ணா?

பெரியகுளத்தான்

நான் ஜெயிச்ச டீமோட வந்தவன், அதனால எப்படியும் திட்டத்தான் போறீங்க. பெரியகுளத்துல மே மாசம் நடக்கிற அகில இந்திய ஆட்டத்தைச் சின்ன வயசுல இருந்து பார்த்து வளர்ந்தவன்கிற முறையில சொல்றேன்: இந்த அளவுக்கு ஒரு ஆட்டம் பார்த்து ரொம்ப நாளாச்சு. கடைசி ஷாட்டப்போ நான் கண்ணை மூடிட்டேன், அதனால அந்த வழக்குல நான் சாட்சி இல்லை.

எனக்கு உறுத்துறது வேற. முடிஞ்சதும் எங்க புள்ளைங்க ஆட்டம் போட்டாங்க. உங்க ஏழாம் நம்பர் நேரா எங்க கேப்டன்கிட்ட வந்து கை கொடுத்துச்சு. எங்க கேப்டன் செல்ஃபி எடுக்கிற மும்முரத்துல கவனிக்கவே இல்லை. நீட்டின கை அப்படியே இருந்துச்சு. அப்புறம் அந்தக் கையாலேயே பக்கத்துல கிடந்த எங்க புள்ளையோட தண்ணி பாட்டிலை எடுத்து பெஞ்சு மேல வெச்சுட்டுப் போச்சு. வேன்ல ஊத்துங்கிற ஊரைத் தாண்டுறப்போ கேப்டன்கிட்டச் சொன்னேன். "எந்தப் புள்ள அண்ணே?"ன்னு கேட்டுச்சு.

பழைய ஆட்டக்காரி

கேப்டன்கிட்டச் சொல்லி ஒரு போன் போடச் சொல்லுங்க தம்பி. இன்னைக்கே.

பெரியகுளத்தான்

சொல்றேங்க்கா. ஃபைனல் முடியட்டும்.

பழைய ஆட்டக்காரி

ஃபைனலுக்கு முன்னாடி.

மூஞ்சிக்கல்காரன்

எங்க புள்ளை நம்பர் எல்லாம் பொதுவுல போட முடியாது. கோச் மூலமா வாங்கிக்கோங்க. வீடியோ யாருகிட்டயாவது இருக்கா? எங்க மாப்ள எடுத்தான், ஆனா சரியா அந்த நேரத்துல முன்னாடி ஒருத்தர் எந்திரிச்சுட்டாரு. மங்கி குல்லாதான் தெரியுது, ரெண்டு காதையும் மூடின பச்சைக் குல்லா. ஹாரன் சத்தம் மட்டும் கேட்குது. ரெண்டு ஹாரன்.

டம்டம்பாறை

ரெண்டா? நான்தான் அப்பவே சொன்னேன்ல! முதல் ஹாரன் எது?

மூஞ்சிக்கல்காரன்

முதல்ல வர்றது பஸ் ஹாரன்.

டம்டம்பாறை

அது உங்க மாப்ள போன். அனுப்புங்க, நான் கேட்டுச் சொல்றேன்.

பி.டி. ஓய்வு

பச்சைக் குல்லா நான்தான். வீடியோவை எனக்கும் அனுப்புங்க. அப்படியே, அந்த ஆட்டத்துப் பந்து யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சா, தயவுசெஞ்சு காத்து இறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேஜ் வெச்சுப் பாருங்க.