மின்னூலுக்கு ஏன் அச்சு நூலின் விலை?

பழுப்பேடு:
நேற்று ஒரு நாவலின் மின்னூலை வாங்கப் போனேன். அச்சுப் பிரதியைவிடப் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவில்லை. காகிதம், மை, பைண்டிங், கிடங்கு வாடகை, லாரிக் கூலி எதுவும் இல்லை. விற்காமல் திரும்பி வரும் பிரதிகளும் இல்லை. பிறகு எதற்கு இந்த விலை? வாசகன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

மெய்ப்புக்காரன்:
காகிதத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறீர்கள். ஆசிரியர் ராயல்டி, எடிட்டிங், மெய்ப்பு, அட்டை வடிவமைப்பு, விற்பனையாளர் கழிவு ஆகியவை மின்னூலுக்கும் உண்டு. சென்ற மாதம் ஒரு வரலாற்று நூலை மின்னூலாக்கினோம். அச்சுக்குப் போன கோப்பை மாற்றியதும், பக்கத்தின் அடியில் இருந்த குறிப்புகள் எல்லாம் பத்திகளின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டன. முந்நூறுக்கும் மேல். ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணுக்கு இணைப்புக் கொடுத்துச் சரிசெய்தேன். அது இலவச வேலையா?

பழுப்பேடு:
உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் அது ஒருமுறை செய்கிற வேலை. ஆயிரமாவது பிரதிக்கும் அச்சகத்தில் காகிதம் வேண்டும். மின்னூலுக்கு என்ன வேண்டும்? விலையை ஏற்றக் கூட்டுச் சேர்ந்ததாக 2012-ல் ஆப்பிள் மீதும் ஐந்து பெரிய பதிப்பகங்கள் மீதும் அமெரிக்க அரசு வழக்குப் போட்டதே! பதிப்பகங்கள் சமரசத்துக்கு வந்தன. ஆப்பிள் 2013-ல் தோற்றது.

மெய்ப்புக்காரன்:
அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2007-ல் அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வந்தபோது, அதிகம் விற்கும் நூல்கள் பலவற்றை அமேசான் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றது. மின்னூல் என்றால் மலிவு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆயிரமாவது பிரதி என்கிறீர்கள். நான் திருத்திய நூல்களில் பாதிக்கு மேல் அந்த எண்ணிக்கையைத் தொட்டதே இல்லை.

அலமாரி:
இருவரும் செலவையே பேசுகிறீர்கள். வாங்குகிறவன் கைக்கு என்ன வருகிறது? என்னிடம் உள்ள அகராதி மூன்று கைகள் மாறி வந்தது. முதல் பக்கத்தில் மூன்று கையெழுத்துகள். படித்த மின்னூலை அப்படி மறுவிற்பனை செய்யப் பதிப்புரிமையாளரின் அனுமதி பெற வேண்டும் என்று 2019-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. பணம் திரும்பியது, நூல்கள் போயின. ஓரத்தில் குறிப்பு எழுதியவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். என் குறிப்புகளுக்கு அதுவா விலை? நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. அதற்கு உடைமையின் விலை கேட்கக் கூடாது.

தெளிவிழி:
எனக்குப் பார்வை குறைவு. பெரிய எழுத்தில் எல்லா நூலையும் யாரும் அச்சிடுவதில்லை. மின்னூலில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி வரும்படி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நாவல் படிக்கிறேன். அச்சு விலையே கேட்டாலும் கொடுப்பேன்.

மெய்ப்புக்காரன்:
அலமாரி சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. கோப்பை நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு விற்பதை நானும் எதிர்க்கிறேன். வாங்கியவர் கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். விலையை மட்டும் பாதியாக்கச் சொல்லாதீர்கள். செலவைக் குறைக்கிறபோது முதலில் கைவைப்பது மெய்ப்பில்தான்.

பழுப்பேடு:
பூட்டில்லாமல் கொடுங்கள், இந்த விலைக்கே வாங்குகிறேன். பூட்டோடு என்றால் பாதிதான்.