பழைய மென்பொருளிலிருந்து நோயாளர் பதிவுகளை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி:

வணக்கம். நாற்பது படுக்கைகள் கொண்ட எங்கள் மருத்துவமனையில் எட்டு ஆண்டுகளாக ஒரே மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். பில் போடுவதற்காக வாங்கிய அதில் நோயாளர் குறிப்புகளும் நாளடைவில் சேர்ந்துகொண்டன. இப்போது, மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனுடன் இணையும் வேறொரு மென்பொருளுக்கு மாறுகிறோம். பழைய நிறுவனம் தந்தவை எக்செல் கோப்புகள் மட்டுமே. திறந்து பார்த்தால், ஹீமோகுளோபின் சோதனை ‘ஹெச்பி’, ‘ஹீமோ’, ‘ஹெச்ஜிபி’ என மூன்று பெயர்களில் இருக்கிறது. அதைவிட என்னைக் கலங்கவைத்தது, ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்ற எச்சரிக்கை, அதற்குரிய கட்டத்தில் இல்லாமல், ‘பாக்கி 200 ரூபாய்’ என்ற குறிப்பை ஒட்டி எழுதப்பட்டிருந்ததுதான். எதைக் கொண்டுசெல்வது, எதை விடுவது?

பதில் 1:

நம் நாட்டில் தர வரையறைகளுக்குப் பஞ்சமில்லை. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான வரையறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு, 2016இல் திருத்தியது. நோய்களையும் ஒவ்வாமைகளையும் குறிக்கும் ஸ்னோமெட் சிடி குறியீடுகளை இந்தியாவில் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆய்வகச் சோதனைகளுக்கு லாயிங்க் என்ற குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது; அதில் ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண் உண்டு. உங்கள் மூன்று பெயர்களும் அதில் 718-7 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். பெயரோடு அலகையும் பாருங்கள். சர்க்கரை 5.5 என்று ஓர் ஆய்வகமும் 99 என்று இன்னோர் ஆய்வகமும் எழுதினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். முன்னது மில்லிமோல் கணக்கு, பின்னது மில்லிகிராம் கணக்கு. அலகு இல்லாத எண்ணை, அளவுகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தில் ஏற்றவே கூடாது.

இன்னொன்று: டிஜிட்டல் மிஷனுடன் இணைந்த மென்பொருள் என்பதாலேயே பதிவுகள் தரப்படுத்தப்பட்டுவிட்டன என்று எண்ண வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை வெறும் பிடிஎஃப் கோப்பாக இணைத்து அனுப்பவும் அதில் வழி இருக்கிறது. மறுமுனையில் இருக்கும் மருத்துவர் அதைப் படிக்கலாம்; அவருடைய கணினி அதிலிருந்து எச்சரிக்கை எழுப்பாது.

பதில் 2:

மருத்துவப் பதிவுத் துறையில் பணியாற்றுகிறேன். நாங்கள் மென்பொருள் மாறியபோது மிகுந்த நேரத்தைத் தின்றது பெயர்தான். எஸ். முருகன், முருகன் எஸ்., சு. முருகன் என ஒரே மனிதருக்கு மூன்று கோப்புகள். பெயரும் வயதும் ஒத்துப்போகின்றன என்று மென்பொருளே இரண்டு கோப்புகளை இணைக்க விடாதீர்கள். தவறாக இணைந்த கோப்பைப் பிரிப்பது பெரும்பாடு. நோயாளர் அடுத்த முறை வரும்போது, அவர் விரும்பினால், டிஜிட்டல் மிஷனின் சுகாதார அடையாள எண்ணான பதினான்கு இலக்க ஆபா எண்ணைப் பெற்று, அவரிடமே கேட்டு உறுதிசெய்த பிறகு இணையுங்கள்.

ஒவ்வாமை, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள், நாட்பட்ட நோய்கள் ஆகிய மூன்றை மட்டும் செவிலியர் ஒருவர் படித்துப் பார்த்து, மருத்துவர் ஒப்புதலுடன் புதிதாக உள்ளிடட்டும். மற்றவற்றைத் திருத்த முடியாத கோப்புகளாக நோயாளரின் பக்கத்தில் இணைத்துவிடலாம். புறநோயாளர் பிரிவில் எண்பது பேர் காத்திருக்கும்போது எந்த மருத்துவரும் பழைய பதிவைத் தட்டச்சு செய்ய மாட்டார்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்புக் கட்டத்தில் ‘ஒவ்வாமை’, ‘அலர்ஜி’ ஆகிய சொற்களைத் தேடியதில் 61 பேர் கிடைத்தார்கள்; வேறு எழுத்துக்கூட்டலில் இன்னும் இருக்கக்கூடும். அந்தப் பட்டியலைத் திங்கட்கிழமை மூத்த செவிலியரிடம் ஒப்படைக்கிறேன்.