சென்னையா, மைசூரா? பிள்ளைகளோடு குடிபெயர யோசனை தேவை

நாமக்கல்லில் இருக்கிறோம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேறு ஊருக்குக் குடிபோக வேண்டும். மகளுக்கு 15, நாடகப் பைத்தியம். மகனுக்கு 13, மிருதங்கம் வாசிக்கிறான். இங்கே சாயங்காலமானால் இருவருக்கும் கைப்பேசிதான் கதி. எங்கள் இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, அதனால் எந்த ஊரானாலும் சரி. வாடகை மட்டும் 25,000-க்குள் இருக்க வேண்டும்.

மூன்று ஊர்களை நேரில் பார்த்துவிட்டோம். கொச்சி பினாலே கலைக் கண்காட்சி அருமை, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். தள்ளிவிட்டோம். டிசம்பரில் சென்னை: மயிலாப்பூரில் டிக்கெட் இல்லாத காலைக் கச்சேரி, அப்புறம் சபா கேன்டீனில் பொங்கல். மகன் கிளம்பவே மறுத்தான்! வாடகைதான் இடிக்கிறது. மைசூரு ரங்காயணாவில் நாடகம் பார்த்த மகள், கன்னடம் புரியாமலேயே கடைசிவரை அசையவில்லை. வாடகையும் கட்டுப்படியாகும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் போய்ப் புதிதாகக் கன்னடம் படிப்பதா என்று மகன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

உறவினர்களைக் கேட்டால் பள்ளித் தேர்ச்சி விகிதத்தைத்தான் சொல்கிறார்கள்.

சென்னையின் இசை சீசன், மைசூரு தசரா எதுவும் இல்லாத ஜூலை மாதிரி மாதங்களில், பிள்ளைகள் தாங்களே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவர எந்த ஊரில் நிகழ்ச்சிகள் அதிகம்: சென்னையா, மைசூரா?