சின்னத் தாத்தா சொன்ன இம்பாலும் நான் பார்த்த இம்பாலும்

என் சின்னத் தாத்தா மலாயாவில் பால்மரம் வெட்டியவர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நேதாஜியின் பேச்சைக் கேட்டு, ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார். பர்மா வரைதான் போக முடிந்தது. "இம்பாலை மட்டும் பிடிச்சிருந்தா டெல்லிக்கே போயிருப்போம்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் மணிப்பூரின் தலைநகரான இம்பால் என்றால் கைநழுவிப் போன ஊர், அவ்வளவுதான். அங்கே ஜனங்கள் குடியிருந்தார்களே என்று நான் யோசித்ததில்லை.

இம்பால் அமைதி அருங்காட்சியகத்துக்குப் போன அன்றுதான் அது உறைத்தது. நகரத்திலிருந்து தெற்கே திடிம் சாலையில், ரெட் ஹில் என்ற குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. 1944 மே மாதம் ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் படைக்கும் கடும் சண்டை நடந்த இடம். போர் நடந்து 75 ஆண்டு ஆனபோது, 2019-ல், ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை உதவியோடு திறந்தார்கள்.

உள்ளே துருப்பிடித்த ஹெல்மெட்டுகள், தோட்டாக்கள், குண்டுகளின் ஓடுகள். ஒரு தண்ணீர்க் குப்பியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஒரு பக்கம் நசுங்கி, மூடி துருவோடு ஒட்டிப்போயிருந்தது. அந்தப் போரில் ஜப்பானியச் சிப்பாய்கள் பசியிலும் நோயிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். இதை வைத்திருந்தவன் கடைசியாக எங்கே தண்ணீர் பிடித்தானோ!

பக்கத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மணிப்பூரில் இந்தப் போரை 'ஜப்பான் லான்' என்கிறார்கள். லான் என்றால் போர். 1942 மே 10-லேயே இம்பால் மேல் குண்டு விழுந்துவிட்டது. அப்போது தன் அம்மா சின்னப் பெண் என்றார், எனக்குப் புரியட்டும் என்று இந்தியில். குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் மாடும் இல்லை, நெல்லும் இல்லை. எந்தப் படை கொண்டுபோனது என்று கேட்டேன். "அம்மாவுக்கு அது தெரியாது" என்றார்.

மறுநாள் மொய்ராங். 1944 ஏப்ரல் 14 அன்று ஐ.என்.ஏ. கொடி ஏற்றிய இடம். சின்னத் தாத்தா பார்க்க ஏங்கிய இடம். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் நேற்றைய பெரியவரின் அம்மாவும் கூடவே நினைவுக்கு வந்துகொண்டிருந்தார்.

ராத்திரி சின்னத் தாத்தாவின் மகளான அத்தைக்குப் போன் போட்டேன். போகிற வழியில் இருந்த ஊர்க்காரர்களைப் பற்றி தாத்தா ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பின்வாங்கி வரும்போது பர்மாவில் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு அம்மா இலையில் சோறு கட்டிக் கொடுத்தாராம். வீட்டில் இருந்ததே அவ்வளவுதான் போலிருக்கு, பேரைக்கூடக் கேக்கலையே என்று தாத்தா அடிக்கடி புலம்புவாராம். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. டெல்லிக் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.